ஓடவும் நிற்கவும் மீண்டும் ஓடவும்

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இரவு. ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரின் மெஸ்தாயா அரங்கில் அரசர் கோப்பையின் இறுதியாட்டம். ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆளுக்கொரு கோலடித்து நிற்க, ஆட்டம் 85ஆம் நிமிடத்தைத் தொட்டுவிட்டது. இடப்பக்க ஓரத்தில், நடுக்கோட்டின் அருகே, வேல்ஸ் நாட்டு இளைஞர் காரெத் பேலின் காலுக்குப் பந்து வருகிறது. எதிரே பார்சிலோனாவின் மார்க் பார்த்ரா. பேல் பந்தை அவருக்கு அப்பால் நெடுந்தொலைவு தட்டிவிட்டு ஓடத் தொடங்குகிறார். பார்த்ரா தோளால் நெருக்குகிறார். பேல் ஓரக்கோட்டுக்கு வெளியே தள்ளப்படுகிறார். பந்து களத்துக்குள் உருள்கிறது. ஆள் களத்துக்கு வெளியே ஓடுகிறார். வில்போல் வளைந்த அந்த வழியை ஓடி முடித்து, நேர்வழியில் ஓடியவரையும் முந்தி, மீண்டும் களத்துள் புகுந்து, கோல்காவலர் பின்ட்டோவின் கால்களுக்கிடையே பந்தைச் செலுத்தினார். கோப்பை மாட்ரிட்டுக்குச் சென்றது.

இதைப் பிறவிக்கொடை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. கொடை இருந்ததும் உண்மையே. பதினான்கு வயதில் 100 மீட்டரை 11.4 நொடியில் ஓடிய சிறுவன் என்று பேலைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறுவன் ஓடியது களைப்பறியாக் கால்களோடு, நேர்கோட்டில், ஒரே ஒருமுறை. மெஸ்தாயாவில் ஓடியவரோ 85 நிமிட ஆட்டத்தின் சுமையைத் தொடையில் தாங்கி, வளைவழியில், பகைத்தோளின் தள்ளலை ஏற்று ஓடினார். இவ்விரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில் பத்தாண்டு இடைவெளி உண்டு. ஓர ஆட்டக்காரரின் உடற்பயிற்சி என்பது அந்தப் பத்தாண்டில் நிகழும் வேலை.

களத்தில் 'விங்கர்' என்றே அழைக்கப்படும் ஓர ஆட்டக்காரரின் பணி தனித்தன்மை வாய்ந்தது. உயர்நிலை ஆட்டமொன்றில் களவீரர் ஒருவர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடக்கிறார். நடுக்கள வீரர்கள் மொத்தத் தொலைவில் முன்னிற்பார்கள். ஆனால் மிகுவிரைவில் கடந்த தொலைவை மட்டும் பிரித்து அளந்தால் ஓரத்தில் ஆடுவோரே முதலிடம் பெறுவர். அவர்களின் பாய்ச்சல் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நொடிகளே நீடிக்கும். பாய்ச்சல், நிறுத்தம், நடை, மெல்லோட்டம், மறுபடியும் பாய்ச்சல் என்று தொண்ணூறு நிமிடமும் கழிகிறது. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போவும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தலைசிறந்த நிலை வீரர்கள் அதற்கு அடுத்த நிலை வீரர்களைவிட மிகுவிரைவு ஓட்டத்தை 28 விழுக்காடு கூடுதலாக ஓடினர். மேல்நிலையையும் கீழ்நிலையையும் பிரித்த கோடு மொத்தக் கிலோமீட்டரைவிடப் பாய்ச்சலிலேயே தெளிவாகத் தெரிந்தது. ஜெர்மன் முதல்நிலைக் கூட்டிணைவின் 360 கோல்களைப் பிரித்தாராய்ந்த மற்றோர் ஆய்வில், கோலடித்தவர் அதற்கு முன் மிகுதியாகச் செய்த செயல் நேர்கோட்டுப் பாய்ச்சலாக இருந்தது.

இதை அறிந்த பிறகும் பல ஊர்களில் பதினைந்து வயதுச் சிறுவர்களைத் திடலைச் சுற்றிச் சுற்றி மெல்லோட்டம் ஓடவிடுவதைப் பார்க்கையில் நெஞ்சம் வலிக்கிறது. மாலை முழுதும் ஓடிக் களைத்த அந்தச் சிறுவன் கடுமையாக உழைத்துவிட்டான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவனும் நம்புகிறான். ஆட்டத்தில் தன்னிடம் கேட்கப்படும் வேலையை மட்டும் அவன் அன்று செய்யவே இல்லை.

அந்த வேலையின் முதற்பகுதி முடுக்கம். நின்ற நிலையிலிருந்து முதல் ஐந்தாறு அடிகளில் உடல் முன்சாய்ந்திருக்கும். பாதம் நிலத்தைப் பின்னோக்கி உந்தும். நிலம் அதே அளவு விசையோடு உடலை முன்னோக்கித் தள்ளும். ஓடுபவரின் விரைவு அவர் கால்களை எவ்வளவு வேகமாக அசைக்கிறார் என்பதைவிட, மிகக் குறுகிய நேரத்தில் நிலத்தின் மீது எவ்வளவு விசையைச் செலுத்துகிறார் என்பதைச் சார்ந்தது. முழு விரைவை எட்டும்போது பாதம் நிலத்தைத் தொட்டிருக்கும் நேரம் நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. பருத்த தசை மட்டும் இருந்து பயனில்லை. அதைத் தட்டி எழுப்பும் நரம்புத் தூண்டல் அந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள் வந்து சேர வேண்டும். குந்தி எழுதல், எடை தூக்குதல் ஆகியவை விசையின் அளவைக் கூட்டுகின்றன. எடையேற்றிய சறுக்குப் பலகையை இடுப்பில் கட்டி இழுத்தல் விசையைக் கிடைத்திசையில் திருப்பப் பழக்குகிறது. பெட்டியின் மேல் தாவுதல், ஒற்றைக்காலில் துள்ளுதல் போன்ற பயிற்சிகள் தசைநாண்களை வில்நாணைப்போல் ஆக்குகின்றன. நாண் நீளும்போது ஆற்றலைத் தேக்கி, சுருங்கும்போது திருப்பித் தருகிறது.

பாய்ச்சல் பயிற்சியில் ஒரு நுட்பம் உண்டு. முழு விரைவுக்கான பயிற்சி என்றால் ஓட்டங்களுக்கு இடையே முழு ஓய்வு வேண்டும். முப்பது மீட்டரை நான்கு நொடியளவில் ஓடிய சிறுவன் இரண்டு மூன்று நிமிடம் நடந்து திரிய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும். ஓய்வைச் சுருக்கினால் அடுத்த ஓட்டம் மெதுவாகும். மெதுவாக ஓடி ஓடி எவரும் விரைவைக் கற்றதில்லை. நால்வருக்கு நால்வர் ஆடும் சிறுகள ஆட்டமும் இதற்கு ஈடாகாது. அதில் திரும்புதலும் நிறுத்தலும் நிறையவே உண்டு. ஆனால் உச்ச விரைவை எட்ட இடம் போதாது. ஓர ஆட்டக்காரருக்கு வாரம் ஓரிருமுறையாவது நீண்ட வெளியைத் திறந்துவிட்டு, உச்சத்தைத் தொடும் ஓட்டத்தைத் தனியே தர வேண்டியிருப்பது இதனால்தான்.

இனி வளைவு. ஓர ஆட்டக்காரர் எப்போதும் நேர்கோட்டிலேயே ஓடுவதில்லை. காவலரின் முதுகுப்புறம் சுற்றி வளைந்தும், ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டியும் ஓடுகிறார். நொடிக்கு 8 மீட்டர் விரைவில் 15 மீட்டர் ஆரமுள்ள வில்லில் ஒருவர் ஓடுவதாகக் கொள்வோம். விரைவின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும்: ஏறத்தாழ 4.3. அஃதாவது புவி நம்மை இழுக்கும் முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்குக்கும் மேல். அதை ஈடுசெய்ய உடல் உட்புறமாக இருபத்துமூன்று பாகை அளவு சாய வேண்டும். மிதிவண்டியில் முக்குத் திரும்பும் சிறுவன் சாய்வதும் இதே கணக்கில்தான். மிதிவண்டிக்கு உருளைகள் உண்டு, ஓடுபவருக்கு இருப்பதோ கணுக்கால். வளைவில் உட்காலும் வெளிக்காலும் செய்யும் வேலைகள் ஒன்றல்ல. பாதத்தின் விளிம்பும், கணுக்காலின் பக்கத் தசைகளும், இடுப்பைச் சாயவிடாமல் பிடிக்கும் பிட்டத்தின் பக்கத் தசையும் வெவ்வேறு அளவில் சுமையேற்கின்றன. நேர்ப்பாதையில் மட்டும் பழகிய கால்கள் இந்தச் சுமையை ஆட்டத்தின்போதே முதன்முதலாகச் சந்திக்கின்றன. கூம்புகளை வில்வடிவில் நட்டு, இருதிசையிலும் மாற்றி மாற்றி ஓடச் செய்வது எளிய பயிற்சி. செலவும் இல்லை. இருந்தும் பல பயிற்சிக்களங்களில் கூம்புகள் கயிறு பிடித்தாற்போல நேராகவே நிற்கின்றன.

நான் மிகுதியும் வலியுறுத்த விரும்புவது நிறுத்தத்தை. பந்தோடு பறக்கும் ஓர ஆட்டக்காரர் திடுமென நிற்கிறார். காவலர் இரண்டடி சறுக்கிச் செல்கிறார். அந்த இரண்டடி வெளியில்தான் பந்து கோல்முகத்துக்குத் தூக்கி அனுப்பப்படுகிறது. நிற்கத் தெரிந்தவரே காவலரை வெல்கிறார். இதற்கு உடல் தரும் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 9 மீட்டர் விரைவில் செல்லும் உடலின் இயக்க ஆற்றல், அதே உடல் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். ஒற்றைத்தள வீட்டுக் கூரையைவிட உயரமான இடத்திலிருந்து குதித்து இறங்குவதற்கு ஒப்பான ஆற்றலைச் சில அடிகளுக்குள் தசைகள் விழுங்கியாக வேண்டும். தசை நீண்டுகொண்டே இழுக்கும்போதுதான் இது நிகழ்கிறது. மாடிப்படி ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டபடியே உடலைத் தாங்குகிறது. நெடுநாள் கழித்து மலையேறி இறங்கியவர்க்கு மறுநாள் தொடை வலிப்பது இறங்கிய வேலையால்தான். அந்த வேலைக்குத் தசையைத் தனியே பழக்க வேண்டும்: உயரத்திலிருந்து இறங்கி அசையாது நிற்றல், ஒற்றைக்காலில் மெல்லக் குந்துதல், ஓடிவந்து குறித்த கோட்டுக்குள் நின்றுவிடுதல். திரும்புவதற்கு முந்தைய அடியிலேயே விரைவைக் குறைக்கக் கற்பதும் இதில் அடங்கும். கடைசி அடியில் எல்லாச் சுமையையும் ஒரே முழங்காலில் இறக்குபவனின் உள்மூட்டு நார் ஒருநாள் அறுந்துபோகக்கூடும்.

பாய்ச்சலின் மற்றொரு பலியாள் பின்தொடைத் தசை. விரைந்தோடும்போது கால் முன்னே வீசப்பட்டு, நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை மிக நீண்ட நிலையில் இருந்துகொண்டே கீழ்க்காலின் வீச்சைத் தடுத்துப் பிடிக்கிறது. கிழிசல் பெரும்பாலும் நிகழ்வது அந்த நொடியிலேதான். இதற்கு மருந்தாக அமைந்த பயிற்சி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. இளைஞன் மண்டியிட்டு நிற்கிறான். தோழன் அவன் கணுக்கால்களை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கிறான். மண்டியிட்டவன் முதுகை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்சாய்கிறான். பின்தொடையின் இழுப்பால் இயன்றவரை விழுகையைத் தாமதப்படுத்தி, முடியாதபோது கைகளால் நிலத்தைத் தாங்குகிறான். 'நார்டிக்' பயிற்சி என்பது இதன் பெயர். டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களிடையே நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயங்கள் 15; செய்யாத அணிகளில் 52. கருவி வேண்டாம், கூடம் வேண்டாம், ஒரு தோழனின் இரு கைகள் போதும். இத்துணை மலிவான காப்பு வேறெதுவும் கால்பந்தில் எனக்குத் தெரியவில்லை.

இனி மீள்தல். இரண்டு மூன்று நொடிப் பாய்ச்சலுக்கான ஆற்றலில் பெரும்பகுதி தசையில் ஆயத்தமாக இருக்கும் ஏ.டி.பி., பாஸ்போகிரியேட்டின் என்னும் வேதிப்பொருள்களிலிருந்து வருகிறது. அந்த இருப்பு சில நொடிகளில் வற்றத் தொடங்கும். பாதியளவு மீண்டும் நிரம்ப ஏறத்தாழ அரை நிமிடம். முழுதும் நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல். நிரப்பும் வேலையைச் செய்வது உயிர்வளி. வெடித்தெழும் பாய்ச்சலுக்கும் நெடிய மூச்சுத்திறனுக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் இந்த இடத்தில் பிழைபடுகிறார்கள். முதல் பாய்ச்சல் தசையின் சேமிப்பால் நிகழ்கிறது. இருபதாவது பாய்ச்சலைச் சாத்தியமாக்குவது நெஞ்சமும் நுரையீரலும் குருதியும்.

நார்வேயில் யான் ஹெல்கெருட்டும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டிற்று. சராசரியாகப் பதினெட்டு வயதுடைய இளையோர் அணி வீரர்கள் வாரம் இருமுறை, எட்டு வாரம், நான்கு நிமிட ஓட்டத்தை நான்கு முறை ஓடினர். நெஞ்சத்துடிப்பு தன் உச்சத்தின் 90 முதல் 95 விழுக்காட்டில் இருக்கும்படி ஓடுவது. நடுவே மூன்று நிமிட மெல்லோட்டம். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு அவர்கள் பயன்படுத்தும் உயிர்வளி 58 மில்லிலிட்டரிலிருந்து 64க்கு உயர்ந்தது. ஆட்டத்தில் கடந்த தொலைவு 20 விழுக்காடு கூடியது. பாய்ச்சல்களின் எண்ணிக்கை இரட்டித்தது. இதில் என்னை ஈர்க்கும் செய்தி வேறொன்று. அந்த வீரர்களின் உச்ச விரைவு மாறவில்லை. தாவும் உயரமும் மாறவில்லை. ஒரு பாய்ச்சல்கூட முன்னைவிட விரைவாகவில்லை. ஆனால் இருமடங்கு முறை பாய்ந்தார்கள். எதிரணியின் காவலர் பக்கம் நின்று எண்ணிப் பாருங்கள். முதற்பாதியில் நான்குமுறை தாக்க வந்தவன் இப்போது எட்டுமுறை வருகிறான்.

இதே நான்கு நிமிடத்தை வெற்று ஓட்டமாகவன்றிப் பந்தோடு, திருப்பங்களும் தாண்டல்களும் உள்ள தடத்தில் ஓடச் செய்யும் முறையும் நார்வேயில் உருவானது. இளையோர்க்கு அதுவே நல்லதென்று கருதுகிறேன். களைத்த மூச்சோடு பந்தைத் தொடும் பழக்கம் அதில் தானாகவே வந்துவிடும்.

இவ்வளவும் வளர்ந்த உடலைப் பற்றியவை. வளர்ந்துகொண்டிருக்கும் உடலின் கதை வேறு. பேலின் இளமை அதற்கு நல்ல சான்று. கார்டிஃப் நகரில் 1989இல் பிறந்த அவரை ஒன்பது வயதில் சவுத்தாம்ப்டன் கழகத்தார் கண்டெடுத்தனர். பாத் நகரில் அவர்கள் நடத்திய கிளைக் களத்தில் பயின்றார். விரைவு இருந்தது; உருவம் சிறிது. பிறகு பதின்வயதின் நடுவில் உடல் திடீரென நெடிதுயர்ந்தது. முதுகு வலித்தது, ஓட்டத்தின் ஒழுங்கு குலைந்தது. கழகம் அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளுமா என்பதே ஐயமான காலம் ஒன்று இருந்தது.

என்ன நிகழ்கிறது அந்த வயதில்? ஆண்பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி ஆண்டுக்கு எட்டு முதல் பத்து செண்டிமீட்டர் வரை உயர்கிறார்கள். எலும்பு முதலில் நீள்கிறது. தசையும் நாணும் பின்தொடர்ந்து ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. நெம்புகோலின் நீளம் மாறிவிட்டது; மூளையோ பழைய நீளத்துக்கு எழுதிய கட்டளையையே அனுப்பிக்கொண்டிருக்கிறது. நேற்றுவரை காலோடு ஒட்டிவந்த பந்து இன்று தடுக்கி ஓடுகிறது. முட்டிச்சில்லின் கீழே, முன்தொடைத் தசைநாண் கீழ்க்கால் எலும்பைப் பற்றும் இடத்தில், இன்னும் கெட்டிப்படாத வளர்பகுதியைத் தசை ஓயாது இழுப்பதால் புடைப்பும் வலியும் தோன்றுகின்றன. 1903இல் பாஸ்டனின் ஆஸ்குட்டும் சூரிச்சின் ஷ்லாட்டரும் தனித்தனியே விளக்கிய நோய் இது. அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. வளர்ச்சி அடங்கும்போது பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

அந்த ஓராண்டு ஈராண்டுக் காலத்தில் பயிற்றுநரின் கையில் இருக்க வேண்டிய முதற்கருவி சுவரில் ஒட்டிய அளவுகோல். மூன்று திங்களுக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வருபவருக்கு விரைந்து வளரும் பருவம் தொடங்குவது தெரிந்துவிடும். அப்போது தாவுதலையும் கடும் ஓட்டத்தையும் குறைத்து, சமநிலை, மெல்லிய எடைப் பயிற்சி, நடுவுடல் வலிமை, ஓட்ட நடையைத் திருத்துதல் ஆகியவற்றுக்கு நேரத்தைத் திருப்ப வேண்டும். எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்ற அச்சம் இன்றும் பெற்றோரிடம் உண்டு. தேர்ந்தவர் கண்காணிக்க, சரியான முறையில் செய்யும் எடைப் பயிற்சி உயரத்தைக் குறைப்பதில்லை. பருவமடைந்தபின் இயக்குநீர்கள் பெருகித் தசை தடிக்கத் தொடங்கும். அப்போதுதான் கூடுதல் எடைக்கு வேளை வருகிறது. ஒரே அணியில் பதினான்கு வயதினர் இருவர் இருப்பர். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் இன்னும் குழந்தையாகவே இருப்பான். இருவருக்கும் ஒரே பயிற்சியைத் தருவது பிழை. பின்தங்கி வளர்பவனைக் கழித்துவிடுவது கொடுமை. சவுத்தாம்ப்டன் அன்று காத்திருந்தது. 2006 ஏப்ரலில், பதினாறு வயதில், பேல் அதன் முதலணிக்கு ஆடினார்.

கார்டிஃபில் அவர் படித்த விட்சர்ச் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், மற்ற பிள்ளைகளும் அவருக்கு ஈடாக ஆட வேண்டும் என்பதற்காக, பேலுக்கு மட்டும் தனி விதி வகுத்திருந்தார்: பந்தை ஒருமுறைக்கு மேல் தொடக்கூடாது, இடக்காலைப் பயன்படுத்தக்கூடாது. கற்றலின் நோக்கில் அந்த விதி பொன் போன்றது. விரைவால் தப்பிக்க இயலாதபோது கண் முன்கூட்டியே பார்க்கக் கற்கிறது. ஓர ஆட்டக்காரரின் உடல் எவ்வளவு திறம்பெற்றாலும், எப்போது ஓடத் தொடங்குவது என்பதை அரை நொடி தாமதமாக அறிந்தால் நான்கு மீட்டரை இழக்கிறார். எடை தூக்கி அந்த நான்கு மீட்டரை மீட்க முடியாது.

உணவும் உறக்கமும் சுருக்கமாக. தசையின் எரிபொருள் கிளைக்கோசன். சோறு, கிழங்கு, ரொட்டி போன்ற மாவுப்பொருளிலிருந்து வருவது. ஆட்டம் முடிந்தபின் தசையிழைகளில் ஏறத்தாழ பாதி காலியாகவோ காலியாகும் நிலையிலோ இருந்ததை டென்மார்க் ஆய்வாளர் கண்டனர். குறைந்த இருப்போடு களமிறங்கியவர்கள் குறைந்த தொலைவே ஓடினர் என்பதை ஸ்வீடனின் பெங்ட் சால்ட்டின் 1970களிலேயே காட்டிவிட்டார். வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சிக்கு வரும் சிறுவனிடம் முயற்சி போதவில்லை என்று சினப்பவர் முதலில் அவன் என்ன உண்டான் என்று கேட்க வேண்டும். உறக்கத்தின் ஆழ்ந்த பகுதியில்தான் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. பதின்வயதினர்க்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் பயிற்சியின் ஒரு பகுதியே.

பயிற்சி எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று சொல்லமாட்டேன். 2007இல் டோட்டனாம் கழகத்துக்குச் சென்ற பேல், கணுக்காலிலும் முழங்காலிலும் காயம்பட்டார். அங்கு அவர் களமிறங்கிய முதல் 24 பிரீமியர் லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அவரது அணி வெல்லவில்லை. 2009 செப்டம்பரில்தான் அந்தத் தொடர் முறிந்தது. பின்னாளில் மாட்ரிட்டிலும் கெண்டைக்கால் காயங்கள் அவரைப் பலமுறை வெளியில் உட்காரவைத்தன. மிகுவிரைவு உடலிடம் விலை கேட்கிறது. பயிற்சி அந்த விலையைக் குறைக்கிறது, இல்லாமல் செய்வதில்லை.

2010 அக்டோபர் 20. மிலான் நகரின் சான் சிரோ அரங்கம். ஐரோப்பாவின் அன்றைய வாகையர் இன்டர் அணி, முதற்பாதியிலேயே நான்கு கோல். டோட்டனாமின் கோல்காவலர் வெளியேற்றப்பட்டதால் பதின்மரே களத்தில். இருபத்தொரு வயது பேல் 52ஆம் நிமிடத்தில் இடது ஓரமாக நெடுந்தொலைவு ஓடிவந்து, இடக்காலால் தாழ்வாக, எதிர் மூலைக்குள் ஒரு கோலடித்தார். அதன்பின் நாற்பது நிமிடம் ஓராள் குறைந்த அணிக்காக இரு பெட்டிகளுக்கும் இடையே ஓடினார். 90ஆம் நிமிடம் வந்தது. மீண்டும் அதே இடது ஓரம், அதே பாய்ச்சல், அதே இடக்கால், அதே மூலை. ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. பந்து மூன்றாம் முறையாக அவரிடம் வந்தபோது, அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.